சிவப்புச் சதுரம்

மார்ச் 4

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். கேட்க மனசு வரவில்லை. போனில் பேசியிருப்பேன். பேசினால் கத்துவேன், கத்தினால் அம்மா எழுந்து வந்து போனைப் பிடுங்கி உன்னிடம் "சாப்பிட்டியாடா?" என்று கேட்பாள். அதனால் உன் எண்ணை அடைத்துவிட்டு இதை மெயிலில் எழுதுகிறேன்.

இன்று காலை அலுவலகத்துக்குள் நுழைந்தபோது ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தினமும் என்னைக் கண்டதும் "வந்துட்டாங்க சாவிக்காரி" என்று கிண்டல் செய்கிற சோதனைப் பிரிவுப் பெண்கூடக் குனிந்து கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் அமைப்பின் செயலாளர்தான் தன் திரையைத் திருப்பிக் காட்டினார். பொது மடலாடல் குழுவில் உன் பதிவு. தலைப்பு: "அதிகாரப்பூர்வ பேக்கேஜில் கலப்படம்?"

அந்தக் கேள்விக்குறி யாருக்காக? கலப்படம் என்று சொல்லத் தைரியம் இருந்தால் சொல். இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டிரு. ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு, "நான் கேட்டேன், அவ்வளவுதான்" என்று நழுவுவது உனக்குப் பிறவிக் குணம். அலமாரிக் கண்ணாடி உடைந்த அன்றும் "அக்கா அந்தப் பக்கம் போனாளோ?" என்றுதான் கேட்டாய். அடி வாங்கியது நான்.

வீடு திரும்பியதும் அம்மா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். உட்கார வைத்து அவளுக்கு இப்படி விளக்க வேண்டியதாயிற்று: நிரலை, அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளைகளை, மனிதர்கள் எழுதுகிறார்கள், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதைக் கம்பைலரில் கொடுத்தால் மெஷின் ஓட்டக்கூடிய கோப்பாக மாற்றித் தரும். அதற்குப் பெயர் பில்டு. அந்தக் கோப்பில் நான் என் சாவியால், அதாவது பென் டிரைவில் இருக்கும் ரகசியக் குறியீட்டால், கையொப்பமிட்டுப் பேக்கேஜாக வெளியிடுகிறேன். உன் மகன் அதே நிரலை எடுத்து, தன் வீட்டில் மறுபடி பில்டு செய்து, என்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறான். ஒரு பைட் மாறாமல் வந்தால் அவனுடைய இணையப் பக்கத்தில் பச்சைச் சதுரம் போடுவான். மாறினால் சிவப்பு. இவ்வளவும் சொன்னேன்.

"ஒரே துணி, ஒரே அளவு, ரெண்டு தையக்காரங்க. அதானே?" என்றாள்.

"அதேதான்."

"அப்ப அவன் உன்னைத் திருடிங்கிறானா?"

நீயே வந்து பதில் சொல்.

மாறியதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். பில்டு செய்த தேதி கோப்புக்குள் பதிந்திருக்கலாம். கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடி பண்ணிப் பார். அதற்கு முன்னால் அந்தப் பதிவை எடு. அது ஒன்றும் விளையாட்டு நிரல் இல்லை, கோப்புகளைச் சுருக்கி விரிக்கிற கருவி. நாங்கள் கொடுக்கும் மென்பொருள் தொகுப்பை ஓட்டுகிற ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் அது இருக்கிறது. காலையிலிருந்து "மெஷினை அணைக்கவா, வேண்டாமா?" என்று போன் மேல் போன். பத்தாம் தேதி நிர்வாகக் குழு கூடுகிறது. சாவி என்னிடம் இருக்கலாமா என்பதுதான் பேச்சு. அந்தச் சாவிதான் என் வேலை என்று உனக்குத் தெரியும். தெரிந்துதானே செய்தாய்?

அக்கா


மார்ச் 5

அக்கா,

அலமாரிக் கண்ணாடியை உடைத்தது நீதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அதை விடு.

கடிகாரம் என்கிறாயே, நான் நேற்றுப் பிறந்தவனா? தேதியை, கோப்புறைப் பெயரை, மொழி அமைப்பை எல்லாம் ஒன்றாக வைத்துத்தான் பில்டு செய்கிறேன். அப்படியும் வேறாக வந்த பிறகுதான் சிவப்பு போடுகிறேன். உன் பேக்கேஜ்கள் இதுவரை ஒரு சிவப்புகூட வாங்கியதில்லை. வேலையிடத்தில் அந்தப் பச்சை வரிசையைக் காட்டி "எங்க அக்கா பண்ணது" என்று பீற்றிக்கொண்டிருக்கிறேன். இது உனக்குத் தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம், இப்போது சொல்லும்படி ஆகிவிட்டது.

இந்த ஒன்றைப் பிரித்து மேய்ந்தேன். நிரலின் பகுதிகள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் வரிசை வேறு. எழுதியவர்கள் வைத்த வரிசையில் இல்லாமல், அகரவரிசையில் அடுக்கி வைத்திருக்கிறது. எந்தக் கம்பைலரும் தானாக இப்படிச் செய்யாது. யாரோ உட்கார்ந்து, யோசித்து, வேண்டுமென்றே செய்த வேலை. வரிசையைக் கலைத்துவிட்டால் நடுவில் எதைச் செருகினாலும் ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. செய்தவன் கைதேர்ந்த ஆள். பதிவிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், நீ தலைப்பைத் தாண்டிப் படிக்கவில்லை போலிருக்கிறது.

உன்னைச் சொல்லவில்லை. உனக்குத் தெரியாமல் யாரோ புகுந்திருக்கலாம் என்கிறேன். ஆனால் உன் கோபம்தான் எனக்கு உறுத்துகிறது. ஒன்றும் இல்லையென்றால் சர்வரில் அன்றைக்குப் பதிவான பில்டு லாகை, என்ன நடந்தது என்ற குறிப்பை, எடுத்து என் மூஞ்சியில் வீசியிருப்பாய். நீ கடிகாரத்தைப் பற்றிப் பேசுகிறாய். லாகை அனுப்பு.

முதலில் உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லியிருந்தால் "அக்காவுக்காக அமுக்கிட்டான்" என்பார்கள். நான் ஆளைப் பார்ப்பதில்லை, பைட்டைத்தான் பார்க்கிறேன். பதிவை எடுக்க மாட்டேன்.

தம்பி


மார்ச் 6

தம்பிக்கு,

"ஆளைப் பார்ப்பதில்லை." நல்லா இருக்கு. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாயா, இல்லை நேராக எழுதிவிட்டாயா?

லாக் கேட்டாய். லாக் இல்லை.

இந்த இரண்டு வார்த்தையை எழுத எனக்கு இன்று பகல் முழுக்க ஆயிற்று. எழுதி அழித்தேன், எழுந்து போய்த் துணியை மடித்தேன், மறுபடி வந்து உட்கார்ந்தேன். இனி முழுதாகவே கேள்.

அந்தப் பேக்கேஜை வெளியிட்ட அன்றைக்குச் சனிக்கிழமை. அந்தக் கருவியில் ஓட்டை இருப்பது காலையில்தான் வெளியே தெரிந்தது. கெட்ட எண்ணத்தோடு சுருக்கிய ஒரு கோப்பைத் திறந்தாலே போதும், மெஷின் அடுத்தவன் கைக்குப் போய்விடும். ஆஸ்பத்திரிகளில் நாள் முழுக்க அதைத்தான் திறக்கிறார்கள். அதே காலையில் எங்கள் சர்வரின் டிஸ்க் செத்துப்போயிருந்தது, மாற்று டிஸ்க் திங்கள்தான் வரும். செயலாளர் போன் செய்தார். "எப்படியாவது இன்னைக்கே வெளியே போட்டுடுங்கம்மா" என்றார். எப்படியாவது. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததுதான்.

வீட்டில் பில்டு செய்தேன். நீ ஊரை விட்டுக் கிளம்பும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாயே, அந்த மெஷினில். சாப்பாட்டு மேஜையில் வைத்து, அம்மா பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருக்க, பில்டு செய்து, சோதித்து, கையொப்பமிட்டு, சாயங்காலத்துக்குள் வெளியே போட்டேன். கம்பைலர் எந்தப் பதிப்பு என்று பார்த்தேன், சர்வரில் இருந்த அதே பதிப்பு. அதனால் பயப்படவில்லை. "சர்வரைத் தவிர வேறெங்கும் பில்டு செய்யக் கூடாது" என்று எங்கள் விதிகளில் ஒரு வரி இருக்கிறது. அதை எழுதியதும் நான்தான். சிரிப்பாய், சிரி.

விதியை மீறினேன். கலப்படம் செய்யவில்லை. இரண்டும் ஒன்றில்லை என்பது உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன். சில நாட்களாக உன்னைப் பற்றி நான் நினைப்பது எதுவும் சரியாக வருவதில்லை.

ஊரைக் கூட்டுவதற்கு முன்னால் நீ கேட்டிருக்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. "அக்கா, எந்த மெஷின்ல பில்டு பண்ணே?" அரை நிமிஷ வேலை. சொல்லியிருப்பேன். திட்டியிருப்பாய். வாங்கிக்கொண்டிருப்பேன்.

பத்தாம் தேதி குழுவிடம் நானே சொல்லப் போகிறேன். அதுவரை இது உன்னோடு இருக்கட்டும்.

அக்கா


மார்ச் 7

அக்கா,

வீட்டு மெஷினா?

முதலில் நெட் இணைப்பைப் பிடுங்கு. அந்த மெஷினுக்குள் எவனோ இருக்கிறான். நான் சொன்ன கைதேர்ந்த ஆள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். பேக்கேஜில் கை வைக்கவில்லை, மெஷினிலேயே கை வைத்திருக்கிறான். எதையும் அழிக்காதே, எதையும் புதுப்பிக்காதே.

வீட்டு மெஷின் விஷயத்தைச் செயலாளருக்கு எழுதிவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் எழுதவில்லை, இதோ சொல்கிறேன். பத்தாம் தேதி வரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது. அந்தக் கோப்பு எத்தனை ஆஸ்பத்திரிகளில் ஓடுகிறது என்று எனக்குச் சொன்னதே நீதான்.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். என்ன செய்யச் சொல்கிறாய்?

தம்பி


மார்ச் 9

கைதேர்ந்த ஆளே,

நெட் இணைப்பைப் பிடுங்கினேன். எதையும் அழிக்கவில்லை, எதையும் புதுப்பிக்கவில்லை. நீ சொன்னபடிதான் எல்லாம் செய்தேன். நீ சொல்லிக் கேட்காத அக்காவா நான்?

திங்கள் வர வேண்டிய டிஸ்க் தாமதமாகத்தான் வந்தது, இப்போது சர்வர் சரியாகிவிட்டது. அதில் பில்டு செய்து பார்த்தேன். உனக்கு வந்த அதே கோப்பு, பைட்டுக்குப் பைட். வீட்டு மெஷினில் மறுபடி பில்டு செய்தேன். நான் வெளியிட்ட அதே கோப்பு. ஆக, பேக்கேஜில் ஒருவனும் கை வைக்கவில்லை. மெஷினில்தான் கோளாறு, அதுவரை நீ சொன்னது சரி.

பிறகு கம்பைலர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பதிப்பு எண் ஒன்றேதான். கோப்பு வேறு. வீட்டு மெஷினில் இருக்கும் கம்பைலர் கடைசியாக மாற்றப்பட்ட தேதியைப் பார்த்தேன். அந்த மெஷின் என் வீட்டுக்கு வருவதற்கு முந்தைய வருஷம். அப்போது அது யார் அறையில், யார் மேஜையில் இருந்தது?

உன் பயனர் கணக்கு அப்படியே உயிரோடு இருக்கிறது. உள்ளே உன் கோப்புறை, அதற்குள் கம்பைலரின் நிரல், நீ திருத்தியது. எத்தனை தடவை பில்டு செய்தாலும் ஒரே மாதிரி வர வேண்டும் என்ற பைத்தியம் உனக்குப் புதிதாகப் பிடித்திருந்த காலம். பகுதிகளையெல்லாம் அகரவரிசையில் அடுக்கிவிட்டால் வேறுபாடே வராது என்று கண்டுபிடித்து, கம்பைலரையே திருத்தி, அசல் கம்பைலரின் இடத்தில் அதை உட்கார வைத்துவிட்டு, அடுத்த விளையாட்டுக்குப் போய்விட்டாய். வேறுபாட்டை ஒழிக்க நீ செய்த கம்பைலர்தான் இந்த வேறுபாட்டைப் பெற்றுப் போட்டது.

"சுத்தமா துடைச்சுட்டேன்க்கா, புதுசு மாதிரி" என்று சொல்லித்தானே கொடுத்தாய்? திரையை மட்டும் துடைத்திருக்கிறாய்.

நீ திருத்திய ஒவ்வொரு வரியையும் படித்தேன். அடுக்குகிறது, அவ்வளவுதான். வேறு ஒன்றும் செய்யவில்லை. நான் வெளியிட்டது சுத்தமான பேக்கேஜ். நீ ஊரெல்லாம் தேடுகிற அந்தக் கைதேர்ந்த ஆள், உட்கார்ந்து யோசித்து வேண்டுமென்றே செய்தவன், நீதானடா. உன் கை உனக்கே அடையாளம் தெரியவில்லை. என்மேல் வந்த சந்தேகம் உனக்கு உன்மேல் ஒரு நொடி வந்ததா?

உன் மன்னிப்பு எனக்கு வேண்டாம். கூட்டத்துக்கு முன்னால் பதிவு போடு. முதல் பதிவு எங்கே இருக்கிறதோ அதே இடத்தில், அதே அளவு எழுத்தில். இந்தத் தடவை கேள்விக்குறி இல்லாமல்.

அக்கா


மார்ச் 10

அக்கா,

போட்டுவிட்டேன்.

தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

பார்த்தேன். உன் பழைய பதிவுக்குக் கீழே, ஆளுக்கு ஆள் அடித்துக்கொண்ட மறுமொழிகள் எல்லாம் முடிந்து, எவனோ தன் பிரிண்டர் ஓடவில்லை என்று புலம்பியதற்கும் கீழே, "சிறு திருத்தம்" என்று நாலு வரி. "வேறுபாட்டுக்கான காரணம் கண்டறியப்பட்டது. தீங்கற்றது." கண்டறியப்பட்டதாம். யாரால்? யாருடைய காரணம்? அவமானப்படுத்தியது நெற்றியில், திருத்தியது உள்ளங்காலிலா?

நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் அதைப் படிக்கவே இல்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டை, செத்த டிஸ்க், சாப்பாட்டு மேஜை, உன் கம்பைலர். சோதனைப் பிரிவுப் பெண் மட்டும் "பேக்கேஜ் சுத்தம்தானே, அப்புறம் என்ன?" என்று கேட்டாள். செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "நான் எப்படியாவதுன்னுதான் சொன்னேன், வீட்லன்னு சொல்லலியேம்மா" என்றார். எனக்கு அந்த மேஜையைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. கவிழ்க்கவில்லை. சாவியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

இனி நான் உதவிக் குறிப்புகளில் எழுத்துப் பிழை திருத்துகிறேன். ஜன்னல் ஓரம் இடம் கொடுத்திருக்கிறார்கள், பெரிய மனசு.

இன்று மதியம் இன்னொன்று கேள்விப்பட்டேன். சாவியை உன்னிடம் கொடுக்கப் போகிறார்களாம். "இவ்வளவு நுணுக்கமா கண்டுபிடிச்ச ஆள்" என்று பேசிக்கொண்டார்கள். என் பின்னால் நின்றுதான் பேசினார்கள். உனக்கு முன்பே தெரியுமா?

அக்கா


மார்ச் 14

அக்கா,

தெரியாது. அம்மாமேல் ஆணை. நேற்றுத்தான் செயலாளர் போன் செய்தார். "ஆளைப் பாக்காம நியாயம் பேசுறீங்க தம்பி" என்றார். அவருக்கும் எழுதியிருந்த என் வரியையே எனக்குத் திருப்பிக் கொடுத்தபோது காது கூசியது.

முதல் பதிவின் தலைப்பை மாற்ற முடியாது என்று மடலாடல் குழுவை நடத்துகிறவர்கள் சொன்னார்கள். அதனால் புதிதாகவே ஒன்று போட்டேன். "என் பிழை: பேக்கேஜ் சுத்தம், திருத்திய கம்பைலர் என்னுடையது." கேள்விக்குறி இல்லை. எவனோ அடியில் "அக்காவுக்காக அமுக்கறான்" என்று எழுதியிருக்கிறான். எழுதட்டும்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். முதல் கடிதத்திலேயே "வீட்டில் பில்டு செய்தேன்" என்று நீ எழுதியிருந்தால், அன்றைக்கே நாம் கம்பைலருக்குப் போயிருப்போம். கடிகாரம் என்று என்னிடமே கதை விட்டாயே அக்கா. என்னிடம்! உனக்குக் கடிகாரத்தின் மேல் சந்தேகம் இல்லை, பயம். அந்தப் பயம் எனக்குத் திருட்டு மாதிரி தெரிந்தது. அது என் தப்பு மட்டும்தானா?

சாவி வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வாங்குவது?

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

கடிகாரம் விஷயம் சரி. பயம்தான். அதற்குமேல் அதைப் பற்றி எழுத மாட்டேன், நீயும் கேட்காதே.

சாவியை வாங்கு. உன் மூஞ்சியைப் பற்றி இங்கே யாருக்கும் கவலை இல்லை. நீ வேண்டாம் என்றால் செயலாளருக்குத் தலையாட்டுகிற ஒருவனிடம் போகும். "எப்படியாவது" என்று போன் வந்தால் அவன் பஸ்ஸில் உட்கார்ந்துகூட பில்டு செய்து கொடுப்பான். எனக்குக் கோபம் உன்மேல். ஆஸ்பத்திரிகள்மேல் இல்லை. நீ முரடன், அவசரக்குடுக்கை, ஆனால் உனக்குச் சந்தேகம் வரும். அந்த இடத்தில் உட்காருகிறவனுக்கு அது வேண்டும்.

ஆனால் பில்டு செய்கிறவனே ஒப்பிட்டுப் பச்சை போட்டுக்கொண்டால் அதற்குப் பெயர் ஒப்பிடுவதில்லை. உன் இணையப் பக்கத்தின் கடவுச்சொல்லை எனக்கு அனுப்பு. சதுரங்களை இனி நான் பார்த்துக்கொள்கிறேன். நீ கொடுத்த மெஷினை இந்தத் தடவை நானே துடைத்துவிட்டேன், உள்ளேயும்.

அம்மா உனக்கு என்னென்னவோ சொல்லச் சொன்னாள். நீயே அவளிடம் கேட்டுக்கொள்.

அக்கா


ஏப்ரல் 6

தம்பிக்கு,

உன் முதல் வெளியீட்டை இன்று காலை பில்டு செய்தேன். பொருந்தவில்லை.

தேதியை ஒன்றாக வைத்தேன். கோப்புறைப் பெயரை ஒன்றாக வைத்தேன். கம்பைலரை, பதிப்பு எண்ணைப் பார்க்காமல் கோப்பையே பார்த்துச் சரிபார்த்தேன். இப்போதெல்லாம் அப்படித்தான் பார்க்கிறேன், யார் கற்றுக்கொடுத்தது என்று உனக்குத் தெரியும். மூன்று தடவை பில்டு செய்தேன். மூன்று தடவையும் எனக்கு ஒன்றுதான் வருகிறது, நீ வெளியிட்டது வேறாக இருக்கிறது.

மடலாடல் குழுவைத் திறந்தேன். தலைப்புப் பெட்டியில் "அதிகாரப்பூர்வ பேக்கேஜில் கலப்படம்" என்று தட்டினேன். எப்படி இருக்கிறதென்று பார்க்கக் கேள்விக்குறியும் போட்டேன். நன்றாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் வந்து நின்று, "என்னடி சிரிக்கிற?" என்றாள். அழித்துவிட்டேன்.

அந்தப் பேக்கேஜுக்கு எதிரே சதுரம் வெறுமையாக இருக்கிறது, பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. நாளை சாயங்காலம் வரை அப்படியே இருக்கும். அதற்குள் காரணம் தெரியவில்லையென்றால் சிவப்பு போடுவேன். தம்பி என்று பார்க்க மாட்டேன். பதிவும் போடுவேன், ஆனால் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போடுவேன்.

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இன்றைக்கும் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, "கோப்பபு" என்பதைக் "கோப்பு" என்று திருத்திவிட்டுத்தான் வந்தேன். தீர நாளாகும். தீராமலும் போகலாம்.

ஆனாலும் நீ செய்ததை நான் செய்யப் போவதில்லை. நீ கலப்படம் செய்தாயா என்றும் கேட்கப் போவதில்லை. உன் எண்ணைத் திறந்துவிட்டேன். போன் செய். கடிகாரம் அது இது என்று ஆரம்பிக்காதே, நேராகச் சொல்.

டேய், எந்த மெஷின்ல பில்டு பண்ணே?

அக்கா